ஊசித் தலையில எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ஒரு சின்ன துணுக்கு போட்டிருந்தோம். இங்கிலாந்துல ஒருத்தர் அஞ்சு பவுண்டு நோட்டுல எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினோட முகத்த குட்டியா செதுக்கி, அத சாதாரண நோட்டு மாதிரியே கடைல குடுத்து செலவு பண்ணிட்டாருன்னு. நாலு வரிதான், ஆனா அதுக்கு வந்த கேள்விகள பார்த்தப்போ இந்தப் பக்கம் முழுசையும் இதுக்கே குடுத்துடலாம்னு தோணுச்சு. எனக்கு வேற இது ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால சில பதில் நீளமாவே இருக்கும், பொறுத்துக்கோங்க.

அந்த நோட்டு கதை நெஜமா? யார் அவரு? நோட்டு யார் கைக்குப் போச்சு?
வாசகர், ஈரோடு

நெஜம்தாங்க. அவர் பேர் கிரஹாம் ஷார்ட், பர்மிங்காம்காரர், 1946ல பொறந்தவர். 15 வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு செதுக்குப் பட்டறைல வேலை கத்துக்கப் போனவர், கம்பெனி லெட்டர்ஹெட் அச்சடிக்கிற உலோகத் தகட்டுல எழுத்து வெட்டுறதுதான் வாழ்நாள் பூரா அவருக்கு சோறு போட்ட தொழில். அச்சுத் தகடுன்னா எழுத்த கண்ணாடில பார்க்கற மாதிரி திருப்பி வெட்டணும், ஒரு கோடு தப்பினாலும் தாள்ல அப்படியே விழும், அந்தப் பழக்கம்தான் பின்னாடி குண்டூசித் தலை வரைக்கும் அவர கொண்டுபோச்சு.

2016 செப்டம்பர்ல இங்கிலாந்துல பிளாஸ்டிக் அஞ்சு பவுண்டு நோட்டு வந்துச்சு, அதுல ஒரு சின்ன பகுதி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். ஜேன் ஆஸ்டின் இறந்தது 1817, அதோட 200ஆவது வருஷமான 2017ல புது பத்து பவுண்டு நோட்டுல அவங்க படம் வரப்போகுதுன்னு ஏற்கெனவே அறிவிச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடியே இவர் அஞ்சு பவுண்டு நோட்டுல சுமார் அஞ்சு மில்லிமீட்டர் உயரத்துல அவங்க முகத்தையும், சுத்தி அவங்க எழுத்துலேர்ந்து ஒரு வரியையும் செதுக்கி, டிசம்பர்ல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்துன்னு நாலு பக்கமும் ஒவ்வொரு நோட்டா செலவு பண்ணாரு. ஒரு நோட்டு 50,000 பவுண்டு வரைக்கும் போகும்னு பத்திரிகைகள்ல எழுதினதுல ஊரே பர்ஸ திறந்து பார்க்க ஆரம்பிச்சுடுச்சு.

எனக்குப் பிடிச்சது வடக்கு அயர்லாந்துல நடந்தது. அங்க நோட்டு கெடச்ச அம்மா பேர் சொல்லாம அத ஸ்காட்லாந்து கெல்சோ ஊர்ல இருக்கற ஆர்ட் கேலரிக்கே தபால்ல திருப்பி அனுப்பிட்டாங்க, இதுல வர்ற பணம் சின்னப் பசங்களுக்கு உதவட்டும்னு எழுதி. 50,000 பவுண்டுன்னு ஊரெல்லாம் பேசிட்டிருக்கற நேரத்துல இப்படி ஒரு மனசு.

மனுஷன் கைன்னா கொஞ்சமாவது ஆடத்தான செய்யும்? ஊசில நூல் கோக்கவே எனக்கு கை உதறுது. இவ்வளவு சின்னதா எப்படி முடியுது?
வாசகி, திருச்சி

சரியான எடத்துல கை வச்சிட்டீங்க, இந்தக் கலையோட மொத்த கஷ்டமும் இதுதான்.

கை நடுங்குறது வியாதி இல்லாத எல்லாருக்கும் உண்டுங்க. செகண்டுக்கு எட்டுலேர்ந்து பன்னெண்டு தடவ நம்ம விரல் மெல்ல ஆடிட்டேதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப் அடில வச்சா தெரியும். அதோட ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ரத்தம் பாயும்போது கையில ஒரு சின்ன தள்ளல் வருது. எழுத்து எவ்வளவு சின்னதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. குண்டூசித் தலை ரெண்டு மில்லிமீட்டர் அகலம்னு வச்சுப்போம், மொத்த பரப்பு மூணு சதுர மில்லிமீட்டர் சொச்சம். அதுல கிறிஸ்தவங்க சொல்ற பரமண்டல ஜெபத்த இங்கிலீஷ்ல முழுசா வெட்டணும்னா எடைவெளியோட முந்நூறு எழுத்துக்கு மேல வரும், ஆக ஒரு எழுத்துக்கு கெடைக்கற எடம் சுமாரா 0.1 மில்லிமீட்டர், அதாவது நாம பிரிண்ட் எடுக்கற ஏ4 தாளோட தடிமன். அதுக்குள்ள மூணு கோடு போட்டு ஒரு 'ஹெச்' வரணும். விரலோட சாதாரண ஆட்டமே அந்த எழுத்த அழிச்சுடப் போதும்.

ஷார்ட் அந்த ஜெபத்த தங்க ஊசித் தலைல வெட்டி முடிச்சவர். அவர் வேலை செய்யற விதம் இப்படி: ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல உக்காருவாரு, விடியக்கால அஞ்சு வரைக்கும், ஏன்னா பகல்ல ரோட்டுல லாரி போனா அந்த அதிர்வு தரை வழியா மேசைக்கு வரும். நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்ப ஒட்டி காதுல மாட்டிப்பாரு, ஒரு துடிப்பு கேக்கும், அடுத்த துடிப்பு வர்றதுக்குள்ள ஒரு கோடு, அவ்வளவுதான், மறுபடி காத்திருக்கணும். கைய பெல்ட் போட்டு கட்டி வச்சுப்பாரு, விரல் மட்டும் அசையற மாதிரி. துடிப்பு கொறையணும்னு தெனம் நீச்சல் அடிப்பாரு. கண்ண சுத்தி இருக்கற சதை துடிக்காம இருக்க போடாக்ஸ் ஊசி கூட போட்டுக்கிட்டவர்.

துடிப்ப கொறைக்க பீட்டா பிளாக்கர் மாத்திரையும் எடுத்ததா அவரே சொல்லியிருக்காரு. இத படிச்சுட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு போயிடாதீங்க, அது இதய நோய்க்கும் பிரஷருக்கும் டாக்டர் எழுதித் தர்ற மருந்து. கை நடுக்கத்த அது உண்மையாவே கொறைக்கும், அதனாலதான் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போட்டில அதுக்கு தடையே இருக்கு. நமக்கு வேலைக்கு முன்னாடி காபிய விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பர்மிங்காம் பக்கத்துல வுல்வர்ஹாம்ப்டன்ல பொறந்த இன்னொருத்தரும் இருக்காரு, வில்லர்ட் விகன். அவர் செதுக்கறது எழுத்து இல்ல, ஊசிக் காதுக்குள்ள நிக்கற மாதிரி சிலை. அவரும் ரெண்டு துடிப்புக்கு நடுவுலதான் வேலை செய்வாரு. சின்ன வயசுல டிஸ்லெக்சியா இருந்து படிப்பு வராம டீச்சர்ங்ககிட்ட ரொம்ப அவமானப்பட்டவர், 2007ல பிரிட்டிஷ் அரசோட எம்பிஇ விருது வாங்கினாரு. ஒரு தடவ மூச்ச இழுத்ததுல செஞ்சு முடிச்ச சிலையே மூக்குக்குள்ள போயிடுச்சாம். வாரக்கணக்கா செஞ்ச வேலை ஒரு மூச்சுல போயிடும்னா அந்தப் பொறுமைய என்னன்னு சொல்றது.

நான் நகைப் பட்டறைல இருக்கேன். எங்ககிட்ட இருக்கற உளியெல்லாம் இதுக்கு ஆகுமா? என்ன டூல் வச்சு வெட்டுறாங்க?
வாசகர், மதுரை

உங்க கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ரெண்டு வகையா பிரிச்சுக்கோங்க. கண்ணுக்கு ஓரளவு தெரியற அளவுல வேலைன்னா சுத்தியல் இல்லாம உள்ளங்கையால தள்ளுற சின்ன உளி, கிரேவர்னு சொல்வாங்க, உங்க பட்டறைலயே இருக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் இல்லன்னா கார்பைடு. இப்போ நெறைய பேர் காத்தழுத்தத்துல ஓடுற கைப்பிடி வச்சுக்கறாங்க, அது உளிய உள்ளேர்ந்து மெல்ல தட்டும், கைக்கு பாரம் கொறையும். அதுக்கும் கீழ, ஊசித் தலை அளவுக்குப் போனா தள்ளுறதுக்கெல்லாம் எடமே கிடையாது, கூரான ஊசி மாதிரி முனைய வச்சு அழுத்தி கீறுறதுதான்.

உளிய விட முக்கியம் அதோட முனை. வைரப்பொடி பதிச்ச தட்டுல தீட்டி, முகத்த சுமார் 45, 50 டிகிரிக்கு சரிச்சு, அடில குதிகால் மாதிரி ஒரு சின்ன பட்டை விடணும். அந்தப் பட்டை உங்க வேலைக்கு எவ்வளவு நீளம் இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கணும், நீளமா விட்டுட்டீங்கன்னா வளைவு திரும்பும்போது அது வெளிப்பக்கம் உரசி கோட்டுக்கு பக்கத்துல ஒரு கீறல் விடும், சாதாரணமா பார்த்தா தெரியாது, லென்ஸ்ல பார்த்தா அசிங்கமா தெரியும். முனை கூரா இருக்கான்னு பார்க்க கட்டைவிரல் நகத்து மேல லேசா வச்சுப் பாருங்க, வழுக்கினா மழுங்கியிருக்கு, நகத்த கடிச்சு நின்னா சரி. இன்னொன்னு, முனைய விளக்கு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, நுனில ஒரு புள்ளி பளிச்சுனு மின்னினா அங்க ஒடஞ்சிருக்குன்னு அர்த்தம், கூரான முனைல வெளிச்சம் பட்டு திரும்ப எடமே இருக்காது.

வளைவு வெட்டும்போது உளி பிடிச்ச கைய திருப்பக் கூடாது. பொருள பந்து மாதிரி சுத்தற வைஸ்ங்கற பிடிப்புக் கருவில மாட்டி வச்சு, எடது கையால அதத்தான் திருப்பணும், வலது கை நின்ன எடத்துலயே நிக்கணும். இது பழக மாசக்கணக்குல ஆகும்.

மைக்ராஸ்கோப் ரெண்டு கண்ணாலயும் பார்க்கற ஸ்டீரியோ வகைதான் வேணும், பள்ளிக்கூட லேப்ல இருக்கறது ஆகாது, அதுல ஆழம் தெரியாது, படமும் தலைகீழா தெரியும். அடில அரை எக்ஸ் லென்ஸ் மாட்டினா கை வச்சு வேலை செய்ய எடம் கெடைக்கும், பெரிசா தெரியறது பாதியா கொறையும், ஆனா பரவால்ல. ஆரம்பத்துல எல்லாரும் 40 மடங்கு பெரிசாக்கி வேலை செய்யப் பார்ப்பாங்க, அப்போ உங்க கை ஆட்டமும் 40 மடங்கா தெரிஞ்சு மனசு விட்டுப்போகும், பத்து மடங்குல ஆரம்பிங்க.

லேசர் மெஷின்ல நிமிஷத்துல பண்ணிடலாமே, இன்னமும் கையால எதுக்கு?
இன்ஜினியரிங் மாணவர், சென்னை

லேசர் என்ன, அதவிட சின்னதா எழுதியே காட்டியாச்சு. 1959ல இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேன் ஒரு பேச்சுல, ஊசித் தலைல ஜெபம் எழுதறதெல்லாம் சும்மா, ஒரு என்சைக்ளோபீடியா மொத்தத்தையும் ஊசித் தலைல எழுத எடம் இருக்குன்னு சொல்லி, ஒரு புத்தகப் பக்கத்த 25,000ல ஒரு பங்கா சுருக்கறவங்களுக்கு 1,000 டாலர் பரிசுன்னாரு. 1985ல ஸ்டான்ஃபோர்ட் மாணவர் டாம் நியூமன் எலக்ட்ரான் கதிரால ஒரு நாவலோட மொதல் பக்கத்த அப்படி எழுதி பரிச வாங்கிட்டாரு. அப்பவே சின்னதுங்கற போட்டில கை தோத்தாச்சு.

அதனாலதான் நான் சொல்றது, இந்தக் கலைய எவ்வளவு சின்னதுன்னு அளவு வச்சு மட்டும் மதிக்காதீங்க. லென்ஸ்ல பார்க்கும்போது அந்த எழுத்து அழகா இருக்கா, ஒரு கோடு ஆரம்பத்துல மெலிசா தொடங்கி நடுவுல பருத்து திரும்ப மெலிஞ்சு முடியுதா, எழுத்துக்கு எழுத்து எடைவெளி ஒரே சீரா இருக்கா, அதப் பாருங்க. உளி உள்ள எறங்கும்போது பள்ளத்தோட ரெண்டு சரிவும் பாலிஷ் போட்ட மாதிரி மின்னும், பொருள கொஞ்சம் சாய்ச்சா வெளிச்சம் கோட்டு மேல ஓடும். கடைல லேசர்ல போட்டுத் தர்ற பேர் பெரும்பாலும் கருகின மாதிரி மங்கலாதான் இருக்கும். உலக சாதனைன்னு செய்தி வர்ற பல வேலைய பெரிசாக்கிப் பார்த்தா எழுத்து கோணக்கோணலா கெடக்கும், படிக்கவே முடியாது. அத நான் நல்ல வேலைன்னு சொல்ல மாட்டேன். ஷார்ட் வேலைய எவ்வளவு பெரிசாக்கினாலும் அச்செழுத்து மாதிரி நிக்கும், அங்கதான் அவர் அறுபது வருஷ தொழில் தெரியுது.

எக்ஸிபிஷன்ல அரிசில பேர் எழுதி சின்ன பாட்டில்ல போட்டுத் தர்றாங்களே, அதுவும் இதுவும் ஒன்னா?
வாசகி, நாகர்கோவில்

இல்லங்க, அது மெல்லிசான பேனாவாலயோ பிரஷ்ஷாலயோ மை வச்சு எழுதறது, வெட்டுறது கெடையாது. அந்த பாட்டில்ல இருக்கற எண்ணெயும் வளைஞ்ச கண்ணாடியும் சேர்ந்து லென்ஸ் மாதிரி எழுத்த பெரிசா காட்டும். அதுக்காக லேசுன்னு சொல்லல. மொதல் குறள்ல 26 எழுத்து. அரிசி ஆறு மில்லிமீட்டர் நீளம்னா ஒரே வரில எழுத ஒரு எழுத்துக்கு 0.2 மில்லிமீட்டர் சொச்சம்தான் கெடைக்கும். அதுலயும் இங்கிலீஷ் எழுத்து பாதி நேர்கோடு, நம்ம 'இ', 'ண', 'ழு'வெல்லாம் சுழி மேல சுழி. தமிழ்ல பண்றவங்களுக்கு ரெட்டை பாராட்டு குடுக்கணும்.

நம்ம ரூபாய் நோட்டுல, காசுல இப்படி செதுக்கலாமா?
வாசகர், விருதுநகர்

வேணாங்க. நோட்டுல எதுவும் எழுதாதீங்கன்னு ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கு, காச உருக்கறதையும் அழிக்கறதையும் 2011 நாணயச் சட்டம் தடுக்குது. பிரிட்டன்லயே நோட்டுல எழுத்து பதிக்கறத தடுக்கற சட்டம் 1928லேர்ந்து இருக்கு.

ஆனா நம்ம நோட்டுலயே நுண்ணெழுத்து இருக்கு, பார்த்திருக்கீங்களா? புது பத்து ரூபா, அம்பது ரூபா நோட்ட எடுத்து பூதக்கண்ணாடில தேடுங்க, ஆர்பிஐன்னும் இந்தியான்னும் பொடி எழுத்து கெடைக்கும், வெறுங்கண்ணுக்கு கோடு மாதிரிதான் தெரியும். கள்ள நோட்டு அடிக்கறவன் ஜெராக்ஸ்ல அத கொண்டு வர முடியாதுன்னுதான் வச்சிருக்காங்க.

பையன் போன்ல ஒரு வீடியோ காட்டினான், காசுல மண்டையோடு, தொப்பி போட்ட ஆள்னு செதுக்கறாங்க. அது என்ன?
வாசகி, கோயம்புத்தூர்

அதுக்கு ஹோபோ நிக்கல்னு பேர், அமெரிக்கால பொறந்தது. 1913லேர்ந்து 1938 வரைக்கும் அங்க ஒரு அஞ்சு சென்ட் காசு, நிக்கல்னு சொல்வாங்க, வந்துச்சு, ஒரு பக்கம் செவ்விந்தியர் முகம், இன்னொரு பக்கம் காட்டெருமை. விட்டம் 21 மில்லிமீட்டர்தான், ஆனா முகம் காசு நெறைய பெரிசா இருந்ததால செதுக்கறதுக்கு தோதா போச்சு. அந்தக் காலத்துல வேலை தேடி சரக்கு ரயில்ல தொத்திக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவங்கதான் ஹோபோக்கள். பேனாக்கத்தியும் ஆணியும் வச்சு அந்த முகத்துக்கு தாடி, தொப்பி, காதுன்னு வச்சு ஆளையே மாத்தி, அந்தக் காச ஒரு வேளை சாப்பாட்டுக்கோ ராத்திரி படுக்க எடத்துக்கோ குடுப்பாங்க. பெர்ட்ரம் வீகண்ட், அவர்கிட்ட கத்துக்கிட்ட கறுப்பின இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸ், 'போ'ங்கறது அவர கூப்பிடற பேர், இவங்க ரெண்டு பேரும் செஞ்ச காசுங்க இன்னைக்கு சேகரிக்கறவங்ககிட்ட நல்ல வெலைக்குப் போகுது. அஞ்சு சென்ட்ட ஒரு வேளை சோறா மாத்தற அளவுக்கு கைல வித்தை இருந்திருக்கு, தங்கறதுக்கு வீடு இல்ல. இத நெனைச்சா எனக்கு மனசு கனத்துப் போகும்.

அமெரிக்க சட்டத்துல ஏமாத்தற நோக்கத்தோட காச மாத்தினாதான் குத்தம், அதனால அங்க இது இன்னைக்கும் நடக்குது. ரஷ்யாக்காரர் ரோமன் பூட்டீன் செய்யற காசுங்கள பையன்கிட்ட தேடி காட்டச் சொல்லுங்க, சிலதுல ஒரு பொத்தான அழுத்தினா காசுக்குள்ளேர்ந்து ஒரு பாகம் அசையும்.

மைக்ராஸ்கோப் இல்லாத காலத்துல இதெல்லாம் இருந்திருக்குமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

இருந்திருக்கு ஐயா. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, தந்தத்துல எறும்பு செதுக்கின கல்லிக்ராடிஸ்ங்கறவர் பத்தி குறிச்சு வச்சிருக்காரு, எறும்போட காலெல்லாம் மத்தவங்க கண்ணுக்கு தெரியாதாம்.

அதவிட எனக்கு ஆசையான சாட்சி சீனாவுலேர்ந்து. மிங் அரசர் காலத்துல வாங் ஷுயுவான்னு ஒரு கைவினைஞர், பழக்கொட்டைல ஒரு படகு செதுக்கி வெய் ஷுயேயிங்கற எழுத்தாளருக்கு குடுத்தாரு, அவர் அத பார்த்து பார்த்து எண்ணி எழுதி வச்சிருக்காரு. படகு ஒரு அங்குலம் சொச்சம்தான். அதுக்குள்ள அஞ்சு பேர், தொறந்து மூடற எட்டு ஜன்னல், ஒரு அடுப்பு, அது மேல கெண்டி, ஒருத்தர் கைல ஜெபமாலை. மொத்தம் 34 எழுத்து வெட்டியிருக்கு, அதுல செஞ்சவர் பேரும் தேதியும் இருக்கு, நம்ம கணக்குல 1622. அந்த எழுத்துக் கோடுங்க கொசுக்கால் மாதிரி மெலிசு, ஆனா தெளிவுன்னு எழுதறாரு. நான் மேல சொன்ன அளவுகோல் அவர்கிட்டயும் இருந்திருக்கு பாருங்க, சின்னதுன்னு மட்டும் சொல்லி நிறுத்தல, தெளிவா இருக்குன்னும் சேர்த்து சொல்றாரு.

அப்பா பாத்திரக் கடைல எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டுறவர். நானும் கத்துக்கிட்டேன். இந்த நுண்வேலைக்கு வர முடியுமா? எங்க ஆரம்பிக்கறது?
வாசகர், கும்பகோணம்

உங்களால முடியும், மத்தவங்களவிட சீக்கிரமே முடியும். சீர்வரிசை குடத்துல, வளைஞ்ச பரப்புல, கோடு போட்டுக்காம ஒரே வேகத்துல மூணு தலைமுறையோட பேரையும் வெட்டுற கைக்கு எழுத்து எடைவெளி தானா வந்திருக்கும், மத்தவங்க தடுமாறுற எடமே அதுதான். இப்போ கடைல பெரும்பாலும் அதிர்ற கரண்ட் பேனாதான், அது புள்ளி புள்ளியா குத்தும். நீங்க பழகவேண்டியது ஒரே இழுப்புல ஓடற கோடு.

எவர்சில்வர்ல ஆரம்பிக்காதீங்க, அது வெட்ட வெட்ட இறுகும், முனைய ஒடச்சுடும். செம்புத் தகடு வாங்குங்க, ரெண்டு மில்லி தடிமன் போதும். மேல வெள்ளை போஸ்டர் கலர மெல்லிசா தடவி காய விட்டு, அதுல பென்சிலால கோடு போட்டுக்கோங்க. மொதல் கொஞ்ச நாள் எழுத்தே வேணாம், நேர்கோடு மட்டும், பக்கத்து பக்கத்துல, ஆழமும் எடைவெளியும் ஒன்னா வர்ற வரைக்கும். அப்புறம் அரை வட்டம், அப்புறம் சுழி. சுழி சரியா வந்தா 'அ'வும் 'இ'யும் வந்துடும். எழுத்த பத்து மில்லில வெட்டுங்க, அது நல்லா இருந்தா அஞ்சு, அப்புறம் ரெண்டு. அழகா வராம அடுத்த சைஸுக்கு எறங்காதீங்க. ஆரம்பத்துக்கு தலைல மாட்டற லென்ஸே போதும், மைக்ராஸ்கோப்புக்கு இப்போவே கடன் வாங்கவேண்டாம். கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம் போடுங்க, முனை ஒடஞ்சா துண்டு எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுந்து தூரமா பாருங்க.

ஒரு மில்லிமீட்டருக்குள்ள உங்க அப்பா பேர தமிழ்ல வெட்டிட்டீங்கன்னா, லென்ஸ் வழியா போன்ல போட்டோ எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க, அளவு தெரியற மாதிரி பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. போட்டுடறோம்.